கண்ணாடி ஊசிக்கு ஓர் இரங்கல்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் காய்ச்சலுக்கும் காசத்துக்கும் சீழ் வைத்த கைக்கும் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த கண்ணாடி ஊசி, எந்த ஆண்டில் கடைசியாகக் கொதிக்கவைக்கப்பட்டது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பிளாஸ்டிக் ஊசி அட்டைப்பெட்டிகளில் மலையேறி வந்தது. கண்ணாடி ஊசி அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது. பிறகு அந்த அலமாரியே தோட்டத்து ஆஸ்பத்திரியோடு காலியானது. அதன் கூடவே, ஊசியைக் கையாண்ட டிரசரும் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) போனார். கடைசியாகப் போனவர்கள், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்த நம் மக்கள். மூன்றையும் சேர்த்துத்தான் இந்த இரங்கலை எழுதுகிறேன்.

நான் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்து, பிறகு தாதியாக வேலை பார்த்தவள். வார்டில் ஒருவருக்கு ஊசி போடுவதற்கு முன் நாங்கள் செய்தாக வேண்டிய சோதனைகள் பல உண்டு. சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்ற ஐந்தும் பயிற்சியின் முதல் மாதத்திலேயே மனப்பாடமாகிவிடும். இவற்றை முதன்முதலில் வகுப்பில் கேட்டபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி வாங்கில் (பெஞ்சில்) உட்கார்ந்து, டிரசர் அதையெல்லாம் வாய்விட்டுச் செய்ததைப் பார்த்திருந்தேன்.

முதலில் அந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைய தாதிப் பிள்ளைகளில் பலர் அதைக் கையால் தொட்டதில்லை. கனத்த கண்ணாடிக் குழல், அதற்குள் வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்ட கண்ணாடித் தண்டு. குழலிலும் தண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு ஜோடியாகத் தேய்க்கப்பட்டவை. ஒன்றின் தண்டை மற்றொன்றின் குழலில் போட்டால் மருந்து பின்பக்கமாகக் கசியும், அல்லது தண்டு பாதியில் இறுகிக்கொள்ளும். இரண்டு சி.சி., ஐந்து சி.சி., பத்து சி.சி. என்று நான்கைந்து ஜோடிகள் இருந்தால் அது நல்ல ஆஸ்பத்திரி. உபயோகித்தவுடன் பச்சைத் தண்ணீரில் கழுவி, குழலையும் தண்டையும் தனித்தனியாகக் கழற்றி, அடியில் துணி விரித்த எவர்சில்வர் பெட்டியில் படுக்கவைத்து, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கும் நீரில் போட்டால் விரிசல் விழும். துணி இல்லாவிட்டால் குமிழி தள்ளும் வேகத்தில் கண்ணாடி பெட்டியில் மோதி உடையும். எடுக்கும்போது கைபடாமல், லைசால் ஜாடிக்குள் நின்றுகொண்டிருக்கும் நீண்ட இடுக்கியால் எடுக்க வேண்டும்.

ஊசி முனைக்குத் தனிப் பராமரிப்பு. பத்துப் பேருக்குக் குத்திய முனை மழுங்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாத கொக்கி விழும். டிரசர் அதை எண்ணெய்க்கல்லில் தீட்டுவார். தீட்டிய பின் ஒரு பஞ்சின் மேல் மெல்ல இழுப்பார். ஓர் இழை ஒட்டிக்கொண்டு வந்தாலும் மறுபடி கல். உள்துளை அடைக்காமலிருக்க மயிரிழை போன்ற கம்பியைச் செருகி வைப்பார். பஞ்சில் இழை ஒட்டாத வரை அடுத்த ஆளைக் கூப்பிடமாட்டார். வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் சரி.

மலைக்கென்று இன்னொரு கணக்கு உண்டு. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1400 மீட்டருக்கு மேலிருக்கும் தானா ராத்தாவில் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வருகிறது, ஆனால் சூடு குறைவு. தாப்பாவில் இருபது நிமிடம் போதுமென்றால் இங்கே அதற்கு மேல் விட வேண்டும். அந்தக் கூடுதல் நிமிடங்களை யாரும் வந்து சோதிப்பதில்லை. மண்ணெண்ணெய்க் கணக்குப் பார்க்கும் கிராணிக்கும் அது பிடிக்காது. டிரசர் நேர்மையானவரா இல்லையா என்பது அந்த அடுப்பின் முன்னால்தான் தெரியும். இத்தனை செய்தாலும் கொதிநீருக்குச் சாகாத கிருமி விதைகள் உண்டு என்பதை அப்போதே அறிந்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

யார் இந்த டிரசர்? 1885இல் வில்லியம் கேமரன் அளந்த இந்த மலைக்கு, தாப்பாவிலிருந்து சாலை போட்டு முடிக்கும் காலத்தில்தான் தேயிலை வந்தது. ஜே.ஏ. ரசல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. பின்னர் மற்ற தோட்டங்களும் நிலைத்தன. காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, கொழுந்து பறிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, கூலிகளின் மருத்துவத்தைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியிருந்தது. அந்தப் பொறுப்பு பல தோட்டங்களில் ஒரு சின்னக் கட்டடமாகவும், அதற்குள் ஒரு டிரசராகவும் வடிவெடுத்தது. டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான். மலாயாத் தோட்டங்களில் இந்த வேலையில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் நிறைய இருந்தார்கள். 1965இல்தான் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவுசெய்யும் சட்டம் வந்தது. காகிதத்தில் பெயர் மாறியது. லயத்தில் அவர் கடைசிவரை டிரசர் ஐயாதான்.

மருந்தைக் கொடுப்பது வேறு, அது உடம்புக்குள் போனதா என்று பார்ப்பது வேறு. இந்தப் பாடம் மலாயாத் தோட்டங்களுக்கு மலேரியா காலத்திலேயே வந்துவிட்டது. சமவெளி ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) வரிசையாக நிற்கவைத்துக் கொய்னா மருந்து கொடுப்பார்கள். அந்தக் கசப்புக்குப் பயந்து கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு அப்பால் போய்த் துப்புகிறவர்கள் உண்டு என்பதால், விழுங்கும்வரை நின்று பார்ப்பார்கள். அதில் துரைத்தனத்தின் அதிகாரம் இருந்தது, மறுக்க முடியாது. கூலி உடம்பு நின்றுபோனால் வேலை நின்றுபோகும் என்ற கணக்கும் இருந்தது. ஆனாலும், மருந்து தருகிறவனின் வேலை மருந்தை நீட்டுவதோடு முடியவில்லை என்ற பழக்கம் அங்கேதான் உருவானது. நல்ல டிரசர்கள் அந்தப் பழக்கத்தை அதிகாரத்திலிருந்து பிரித்தெடுத்து அக்கறையாக மாற்றிக்கொண்டார்கள்.

பெனிசிலின் வந்த பிறகு அந்த அக்கறை உயிர்ப் பிரச்சினையானது. அது பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதவருக்கோ நிமிடங்களில் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். கீழே தாப்பாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. தோட்டத்திலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகவே லாரி கிடைக்க வேண்டும். ஆகவே டிரசர் முதலில் முன்கைத் தோலுக்குள் துளியளவு போட்டு, வட்டம் வரைந்து, தடிப்பு எழுகிறதா என்று பார்ப்பார். முழு ஊசி போட்ட பிறகும் அனுப்பமாட்டார்.

"அந்த வாங்குல உக்காரும்மா. அரை மணி நேரம் போவட்டும்."

"கொழுந்து கெடக்கு ஐயா, மண்டோர் ஏசுவாரு."

"மண்டோர எங்கிட்ட வரச் சொல்லு. நீ உக்காரு."

அந்த வாங்கு ஆஸ்பத்திரியின் மிக முக்கியமான கருவி என்று இப்போது நினைக்கிறேன். பக்கத்தில் ஒரு தட்டில் அட்ரினலின் ஆம்பியூலும் அதை உடைக்கச் சிறிய அரமும் தயாராக இருக்கும். அவர் வேறு ஆளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்; கண் மட்டும் வாங்கில் இருக்கும். உதடு தடிக்கிறதா, சொறிகிறாளா, பேச்சு மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இன்று தடுப்பூசி போட்ட பிறகு கால் மணி நேரம் உட்காரச் சொல்வதற்கும் காரணம் இதே பயம்தான்.

காச நோயாளிகளை அவர் கவனித்தது இன்னும் நுட்பமானது. 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நாள்தோறும் போட வேண்டியவர்கள் வந்தார்கள். அந்த மருந்து நோயைக் கொல்லும். கூடவே காதையும் கெடுக்கும். ஊசி போடும்போது டிரசர் நோயாளியின் பின்பக்கமாக நின்று, தாழ்ந்த குரலில் ஏதாவது கேட்பார். நேற்று என்ன குழம்பு, பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா என்று. பதில் வந்தால் சரி. "என்னாங்கய்யா?" என்று ஆள் திரும்பிப் பார்த்தால், அன்றைக்கு மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்கு எழுதுவார். ஆடியோமீட்டர் இல்லாத இடத்தில் குரலே அளவுகோலாக இருந்தது.

சரியான ஆள் என்பதற்கு வருகிறேன். ஒரே தோட்டத்தில் மாரியாயி நாலு பேர், முனியாண்டி ஆறு பேர் இருப்பார்கள். அப்பன் பெயர் சேர்த்தாலும் சில சமயம் ஒத்துப்போகும். இன்றைய வார்டில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டு, மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிடுகிறோம். டிரசரின் புத்தகத்தில் பெயருக்கு எதிரே லயத்து எண், புருஷன் வேலை, முந்திய வியாதி, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் இருந்தன. அதைத் திறக்காமலேயே, "மேல் லயத்து மாரியாயிக்குச் சல்பா ஆகாது" என்று சொல்லக்கூடியவராகவும் அவர் இருந்தார். அந்த மாரியாயி பிறந்தபோது தொப்புள்கொடிக்கு மருந்து வைத்ததே அவர்தான்.

இனி டிரிப். நம் மக்கள் மொழியில் "தண்ணி ஏத்துறது". வாந்திபேதியில் கண் குழிவிழுந்து வரும் குழந்தைகளுக்கும், பிரசவத்தில் ரத்தம் போனவர்களுக்கும் அதுதான் உயிர்த்தண்ணீர். 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர், காலரா நோயாளியின் ரத்தக்குழாயில் உப்புநீரை ஏற்றிக் காட்டினார். அந்த அறிவு உலகெங்கும் பரவ நெடுங்காலம் பிடித்தது. நம்மவர்களுக்கு அது கிடைக்காமல்போன ஒரு காலத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1943இல் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் காலரா வெடித்தபோது, போர்க்கைதிகளாயிருந்த டாக்டர்கள் ஆற்றுநீரைக் காய்ச்சி வடித்து, கல்லுப்புக் கலந்து, மூங்கிலைச் சீவிக் குழாயாக்கி, ஸ்டெதஸ்கோப்பின் ரப்பரைக் கோர்த்துத் தங்கள் வீரர்களுக்கு டிரிப் ஏற்றினார்கள். அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் முகாம்களில் அப்படிச் செய்யப் பெரும்பாலும் ஆளில்லை. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். உப்பும் தண்ணீரும் நெருப்பும் இரு பக்கமும் இருந்தன. ஒரு பக்கம் தெரிந்த கை இருந்தது, மறுபக்கம் இல்லை.

தோட்டத்து டிரிப் கண்ணாடிப் புட்டியில் வரும். தலைகீழாகத் தொங்கும் புட்டி, சிவப்பு ரப்பர்க் குழாய், நடுவில் சொட்டு விழும் கண்ணாடிக் குமிழ், ஓட்டத்தை இறுக்கும் இடுக்கி. கண்ணாடி சுருங்காது. ஆகவே தண்ணீர் இறங்க உள்ளே காற்று போக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நீண்ட ஊசியைக் குத்தி, வாயில் பஞ்சு வைப்பார்கள். ஆபத்தும் அங்கேதான். புட்டி காலியானதைக் கவனிக்காமல் விட்டால், தண்ணீர் போன வழியிலேயே காற்றும் ரத்தக்குழாய்க்குள் போகலாம். பின்னால் வந்த பிளாஸ்டிக் பை தானாகச் சுருங்கிக்கொள்வதால் காற்றுத்துளையே தேவையில்லாமல் போனது. எத்தனை உயிரை அந்தச் சின்ன மாற்றம் காத்திருக்கும்!

புட்டிக்கு மணிக்கூடுதான் துணை. ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்தால், 500 மில்லியை எட்டு மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 21 சொட்டு. கடிகாரத்தைக் குமிழுக்குப் பக்கத்தில் பிடித்து, முழு நிமிடமும் எண்ணி, இடுக்கியைத் திருகி, மறுபடி எண்ண வேண்டும். நோயாளி கையை மடக்கினால் கணக்கு மாறும். குழந்தை புரண்டால் மாறும். குழந்தைக்கோ கிழவருக்கோ வேகம் கூடிவிட்டால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். ஊசி ரத்தக்குழாயை விட்டு வெளியே வந்தால் கை உப்பும். அதனால் இரவு முழுக்க ஒரு ஆள் விழித்திருப்பார். டிரசரால் முடியாதபோது ஆயாவை உட்காரவைத்து, "சொட்டு நின்னாலும் எழுப்பு, வேகமா ஓடுனாலும் எழுப்பு, கை வீங்குனாலும் எழுப்பு" என்று மூன்றே கட்டளை சொல்லிவிட்டுப் போவார். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாக்கள் அந்தக் காவலைச் செய்தார்கள். இன்றைய வார்டில் பம்பு சத்தம் போட்டு எழுப்புகிறது. ஆனாலும் ஊசி ஏறிய இடத்தைத் தொட்டுப் பார்க்கும் வேலையைப் பம்பு செய்யாது. இதை ஒவ்வொரு புதிய மிஸ்ஸியிடமும் நான் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, கண்ணாடி ஊசி செய்த கேட்டையும் சொல்ல வேண்டும். அது செத்துப்போனது நியாயமான சாவு. எகிப்தில் 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை, நத்தைக் காய்ச்சலை ஒழிக்க ஊர் ஊராகப் போய் ரத்தக்குழாயில் மருந்து ஏற்றினார்கள். கண்ணாடி ஊசிகளைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் ஆள்மாற்றி ஆளுக்குப் போட்டார்கள். நல்ல நோக்கம், நல்ல மருந்து. விளைவாக ஹெப்படைடிஸ் சி கிருமி ஒரு தேசம் முழுவதும் பரவி, அந்நாட்டை உலகிலேயே அந்நோய் மிகுந்த நாடுகளில் ஒன்றாக்கியது. நம் தோட்டங்களிலும் வரிசை நீளும்போது குழலை மாற்றாமல் முனையை மட்டும் மாற்றிப் போட்டவர்கள் இருந்திருப்பார்கள். தண்ணீர் கொதிக்கும்வரைகூடக் காத்திராதவர்கள் இருந்திருப்பார்கள். யார் யாருக்கு அதனால் ஈரல் கெட்டது என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. "ஊசி போட்டாத்தான் காய்ச்சல் எறங்கும்" என்று நாமும் கேட்டு வாங்கினோம். மாத்திரையில் தீரும் நோய்க்கு ஊசி போட்டுக்கொண்ட பழி நம்முடையதும்தான்.

1956இல் நியூசிலாந்தின் காலின் மர்டாக் ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் ஊசிக்குக் காப்புரிமை வாங்கினார். மலேசியாவில் 1986இல் முதல் எய்ட்ஸ் நோயாளி கண்டறியப்பட்டார். 1989இல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி தொடங்கியது. அந்த ஆண்டுகளின் அச்சத்துக்குப் பிறகு கொதிக்கவைத்த ஊசிக்கு இடமில்லை. இருந்திருக்கவும் கூடாது. உறையைக் கிழித்து, போட்டு, மஞ்சள் பெட்டியில் எறிவதைப் போன்ற பாதுகாப்பு அதற்கு முன் இருந்ததில்லை.

என் துக்கம் ஊசிக்காக இல்லை. ஊசியை எறிந்தபோது கூடவே எறியப்பட்ட இரண்டுக்காக: வாங்கில் உட்காரவைத்த அரை மணி நேரம், ஆளை அறிந்த கண். தோட்டத்து ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. சாலை நன்றாயிற்று, தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போவது எளிதாயிற்று. நோய்க்கு அது நல்லதே. நம் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போனார்கள். அதுவும் நல்லதே. லயங்களில் இப்போது வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் எனக்கு ஒரு ரிங்கிட். அவர்களுக்குப் பல மடங்கு. அதனால் பலர் காய்ச்சலோடு கொழுந்து வெட்டுகிறார்கள், முற்றிய பிறகு வருகிறார்கள். மருந்து முகப்பில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த உறையைக் கொடுத்து, "மூன்று வேளை" என்று விரலைக் காட்டுகிறோம். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குச் சல்பா ஆகுமா ஆகாதா என்று யாருக்கும் தெரியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2017இல், மருந்தால் விளையும் தீங்கைக் குறைப்பதை உலக நாடுகளுக்கு இலக்காக வைத்தது. மருத்துவமனைகளுக்குள் நாம் அதற்காக நிறையச் செய்திருக்கிறோம். செறிவான பொட்டாசியம் புட்டியை வார்டு அலமாரியிலிருந்து அகற்றுவது, ஆபத்தான மருந்தை இரண்டு தாதிகள் சேர்ந்து சரிபார்ப்பது, ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துப் பெயர்களைப் பெரிய எழுத்தில் பிரித்து எழுதுவது எல்லாம் வந்துவிட்டன. மலைச்சரிவில் இருக்கும் தொழிலாளிக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. அவனுக்கு மருந்து கொடுப்பவர் அவனோடு பேச முடியாதபோது, ஐந்து சோதனைகளில் முதலாவதே நடப்பதில்லை.

ஆகவே தோட்ட நிர்வாகங்களுக்கும் சுகாதார அமைச்சுக்கும் ஒரு வேண்டுகோள். நம் தாத்தா பாட்டிக்கு ஒரு டிரசர் கிடைத்தார். இன்று அதே சரிவில் நிற்பவர்களுக்கு, வங்காளமும் நேப்பாளியும் இந்தோனேசிய மொழியும் பேசத் தெரிந்த, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரைத் தோட்டத்துக்கு ஒருவராவது நியமியுங்கள். மருந்து உறைகளை அந்த மொழிகளில் அச்சடியுங்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவென்று கேட்டு எழுதிய அட்டை ஒன்று கொடுங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தால் அவர்கள் சம்பளத்தில் கைவைக்காதீர்கள்.